வேலையிழப்பும் வீட்டார் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவர் யாம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு, புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் ஜன்னலின் பின்னே இருபதாண்டுகளைக் கழித்துவிட்டோம். ஆண்டுதோறும் இவ்விழாவில் புலவர் பெருமக்கள் சங்க இலக்கியத்தின் சுவையை எடுத்துரைப்பார்கள். இவ்வாண்டு எம்மைப் பேசப் பணித்தபோது, தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசினால் போதும் என்று செயலாளர் அவர்கள் கூறினார்கள். ஜன்னலின் வழியே கண்ட ஒன்றையே இன்று சொல்ல முன்வந்துள்ளோம்.

நம் காலனியில் இன்று எத்தனை வீடுகளில் மகனோ மகளோ மருமகளோ கணினித் தொழிலில் இருக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டனார் தண்டவாளம் போட வந்தார். தந்தையார் கார்டாகவோ பிட்டராகவோ இருந்து ஓய்வு பெற்றார். பிள்ளை ஒயிட்பீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் போகிறான். மூன்று தலைமுறையில் நாம் ஏறிய படிகள் இவை. ஆதலால் அந்தப் படி ஆடுகிறது என்றால் நம் வீடுகளே ஆடுகின்றன என்பது பொருள்.

இரண்டாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். நம் காலனி இளைஞர் ஒருவர் கண்டோன்மென்ட் நிலையத்திலிருந்து ஒயிட்பீல்டுக்கு மூன்று மாதச் சீசன் டிக்கெட் வாங்குவது வழக்கம். கைபேசியிலேயே சீட்டு எடுத்துக்கொள்ளலாம் என்ற காலம் வந்த பிறகும், "மாமா, உங்க கையால வாங்கினாத்தான் ராசி" என்று சிரித்துக்கொண்டே எம் ஜன்னலுக்கு வருவார். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தவர் சீசன் டிக்கெட் கேட்கவில்லை. பத்து ரூபாயை நீட்டிப் பிளாட்பாரம் டிக்கெட் ஒன்று கேட்டார். ஊரிலிருந்து யாரோ வருகிறார்கள் போலும் என்று எண்ணிக் கொடுத்தோம். மறுநாளும் பிளாட்பாரம் டிக்கெட். அதற்கு மறுநாளும் அதுவே. தோளில் அலுவலகப் பை. கையில் தாயார் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா. கழுத்தில் அடையாள அட்டை மட்டும் இல்லை.

நான்காம் நாள் யாம் என்ன சொன்னோம், தெரியுமா? வரிசையில் இருபது பேர் நிற்க, உரத்த குரலில், "என்ன தம்பி, கம்பெனி ஒயிட்பீல்டிலிருந்து நம்ம பிளாட்பாரத்துக்கே வந்துட்டதா?" என்று கேட்டுச் சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுநாள் முதல் அவர் எம் ஜன்னலுக்கு வரவே இல்லை. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். மற்றவையெல்லாம் அதற்கு முன்னுரை.

நிற்க. இத்தொழிலில் நிகழ்வது யாது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் ஆட்குறைப்பைத் தொடங்கின. 2023 ஜனவரியில் கூகுள் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அறிவித்தவர் மதுரையில் பிறந்த நம் சுந்தர் பிச்சை என்பதையும் கவனியுங்கள். மின்னஞ்சலைத் திறக்க முடியாமற்போன பின்னரே தம் வேலை போயிற்று என்று அறிந்தவர்கள் அங்கே பலர். கதவே சொல்லிவிட்டது, மனிதர் எவரும் சொல்லவில்லை.

பிறகு அவ்வலை நம் கரைக்கும் வந்தது. 1968-இல் தொடங்கப்பெற்ற டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், நம் நாட்டின் கணினித் தொழிலில் முதற்பெரும் நிறுவனம். அரசு வேலைக்கு அடுத்தபடி உறுதியானது என்று பெண் கொடுப்போர் நம்பிய இடம் அது. 2025 ஜூலை மாதக் கடைசியில் அந்நிறுவனம், தன் ஊழியரில் நூற்றுக்கு இருவர், அதாவது 12,000 பேருக்குச் சற்று மேற்பட்டோர், அந்நிதியாண்டில் விடுவிக்கப்படுவர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பதவியினர் என்றும் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணம் அன்று, திறமை பொருந்தாமையும் வேறு பணியில் அமர்த்த இயலாமையுமே காரணம் என்று அதன் தலைமை அதிகாரி கிருத்திவாசன் விளக்கினார். அதற்கு முந்திய ஜூன் மாதமே ஒரு விதி வந்திருந்தது. ஓர் ஊழியர் ஆண்டில் 225 நாளாவது வாடிக்கையாளரிடம் கணக்குக் காட்டத்தக்க வேலையில் இருத்தல் வேண்டும்; 35 நாளுக்குமேல் வேலையின்றிக் காத்திருத்தல் ஆகாது. ஜூன் இறுதியில் 6,13,069 ஆக இருந்த ஊழியர் தொகை செப்டம்பர் இறுதியில் 5,93,314 ஆயிற்று. தாமே விலகியோரும் இக்கணக்கில் அடங்குவர்.

அதே ஆகஸ்டில், ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேருக்கு ஊதிய உயர்வு உண்டு என்றும் நிறுவனம் அறிவித்தது. ஒரே கூடத்தில், ஒரே வரிசை நாற்காலிகளில், ஒருவருக்கு உயர்வுக் கடிதம். பக்கத்து நாற்காலிக்காரருக்கு மனிதவள அதிகாரியைச் சந்திக்க அழைப்பு. அந்நாளில் அக்கூடத்தில் யார் யாரோடு பேசியிருக்க முடியும்? உயர்வு பெற்றவர் மகிழ்ச்சியை மறைத்தார். அழைப்புப் பெற்றவர் துயரத்தை மறைத்தார். இருவரும் ஒரே தேநீர்ப் பொறியின் முன் நின்று மழையைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

பெங்களூரில் 2017-இல் தோன்றிய கர்நாடக மாநிலக் கணினித் தொழில் ஊழியர் சங்கம், தொழிலாளர் துறையிடம் முறையிட்டது. கர்நாடக அரசு இத்தொழிலுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்து வந்தது. பணிநீக்கம் முதலியவற்றைத் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பது அவ்விலக்கின் நிபந்தனைகளில் ஒன்று. அந்நிபந்தனையைச் சுட்டியே சங்கம் முறையிட்டது. துறையும் நிறுவனத்தை அழைத்து விளக்கம் கேட்டது. தாமே விலகுவதாக எழுதித் தரும்படி ஊழியரை நெருக்குகின்றனர் என்பது சங்கங்களின் குற்றச்சாட்டு. சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறோம் என்பது நிறுவனத்தின் மறுமொழி. வழக்கைத் தீர்ப்பது எம் வேலை அன்று. அங்கே மனிதர்கள் எப்படி அதைத் தாங்கினர் என்பதே எம் கேள்வி.

வேலையிழப்பு நம் தமிழருக்குப் புதிதன்று. இரயில்வேக்காரர்களாகிய நமக்கோ சிறிதும் புதிதன்று. தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி, தன் பட்டறைகளைத் திருச்சிப் பொன்மலையில் ஒன்றுசேர்த்து, புதிய இயந்திரங்களை நிறுவி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் குறைக்க முனைந்தது. திறமைத் தேர்வு வைத்து ஆளைக் கழிக்கும் வழக்கம் அன்றே இருந்தது! 1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. பத்து நாள்களே நீடித்தது; முறியடிக்கப்பட்டது; சிங்காரவேலர் முதலானோர் சிறை சென்றனர். தோற்றது உண்மை. ஆனால் ஒருவன் வேலை போயிற்று என்பதை நாகப்பட்டினமும் போத்தனூரும் பொன்மலையும் ஒருங்கே அறிந்தன. அடுப்பு எரியாத வீடு எதுவென்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். நாணிக் குனிய வேண்டியவன் தொழிலாளி என்று எவரும் நினைக்கவில்லை.

அருகிலேயே பாருங்கள், கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கத்தில், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த நம்மவர், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையை உடைத்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அங்கேதான் முதலில் சென்றது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. சேரவேண்டிய தொகைக்கும் குடியிருந்த வீட்டுக்குமாக ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. அவ்வூரார் பிறகு என்ன செய்தனர்? மாரிக்குப்பத்தில் விடியுமுன் வண்டியேறி பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வந்தனர். காவலாளியாக, தையற்காரராக, கடைச் சிப்பந்தியாக, எந்த வேலை கிடைத்ததோ அந்த வேலை. அவ்வண்டியில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். சாப்பாட்டைப் பகிர்வார்கள், வேலை காலியிருக்கும் இடத்தைச் சொல்வார்கள், இடமில்லாதவருக்கு நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்தப் பெட்டிகளே அவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகமாயின. எல்லார்க்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. ஆதலால் எவரும் எவரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

நம் நகரிலும் 2016 ஜனவரியில், நாடெல்லாம் கையில் கட்டிய எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அப்போதும் மூடியது தொழிற்சாலை என்றே ஊர் பேசிற்று. தொழிலாளிக்குத் திறமை இல்லை என்று எவரும் பேசவில்லை.

கணினித் தொழிலிலோ நிலைமை வேறு. அங்கே தொழிற்சாலை மூடப்படுவதில்லை. ஆளுக்கொரு கதவு மூடப்படுகிறது. சங்கு ஊதுவதில்லை; அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவதில்லை. "உமது திறமை பொருந்தவில்லை" என்று தனியறையில் தனியொருவரிடம் கூறப்படுகிறது. ஆயிரம் பேருக்கு நேர்ந்த ஒன்றை, ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் நேர்ந்ததாக எண்ணுகிறார். பள்ளியில் முதல் மாணவராய் வந்து, கல்லூரி வளாகத்திலேயே வேலை பெற்று, தோல்வியென்பதை அறியாது வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல் இடிபோல் விழுகிறது. முதல் நாள் திகைப்பு. இரண்டாம் நாள் சினம். மூன்றாம் நாள் நாணம். நாணம் வந்துவிட்டால் வாய் அடைத்துப்போகிறது. இதுவே இக்காலத்து வேலையிழப்பின் தனிக் கொடுமை.

எஞ்சியிருப்போரும் நலமாயில்லை. அடுத்தது யார் என்ற அச்சம் ஒருபுறம், நண்பன் போக நாம் இருக்கிறோமே என்ற குறுகுறுப்பு ஒருபுறம். போனவருக்குத் தொலைபேசியில் என்ன சொல்வது என்று தெரியாமல் பேசாமலே விட்டுவிடுகின்றனர். ஐந்தாண்டு நட்பு அந்த மௌனத்தில் முடிந்துபோகிறது.

இனி, நம் இளைஞர்களுக்குச் சில சொற்கள். சட்டம் படித்தவரல்லர் யாம். ஆயினும் கேட்டறிந்தவற்றைக் கூறுகிறோம். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய ஊதியமோ தரவேண்டும்; பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். பழைய தொழிற்றகராறுச் சட்டத்தில் இருந்த இவ்வுரிமைகள் புதியதிலும் உள்ளன. மறுபயிற்சி நிதியாக மேலும் பதினைந்து நாள் ஊதியம் என்பது புதிய ஏற்பாடு. நிர்வாகப் பதவியினருக்கு இவை பொருந்தா. ஆனால் ஒருவர் தொழிலாளியா நிர்வாகியா என்பது பதவிப் பெயரால் மட்டும் முடிவாவதன்று. செய்யும் வேலையைப் பொறுத்தது. 2015 ஜனவரியில் சென்னையில் கருவுற்றிருந்த ஒரு பெண் ஊழியர் இவ்வாறு வழக்காடி, தம் பணிநீக்கத்துக்கு உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். 2016-இல் கணினி ஊழியர் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசும் தெளிவுபடுத்திற்று.

ஆதலின் முதலாவது: "நானே விலகுகிறேன்" என்று அந்த அறையிலேயே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தானே விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. "வீட்டில் கலந்து பேசி நாளை சொல்கிறேன்" என்று கூறுங்கள். ஓர் இரவு பொறுத்தால் எவர்க்கும் நட்டம் இல்லை. சொல்லப்படுவதை எழுத்தில் கேளுங்கள். பணி நியமன ஆணை, ஊதியச் சீட்டு, மதிப்பீட்டுக் கடிதம் ஆகிய உங்களுக்குரிய தாள்களின் படிகளை வீட்டிலும் வைத்திருங்கள். கதவு மூடியபின் கணினி திறவாது. ஐந்தாண்டு பணி முடித்தவர்க்குப் பணிக்கொடை உண்டு. தாமே விலகினாலும் உண்டு. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அதில் பெற்றோர் பெயரும் இருந்தால், கடைசி நாளுக்கு முன்பே காப்பீட்டாரிடம் தனிப் பாலிசியாக மாற்ற வழி கேளுங்கள். வீட்டுக் கடன் தவணை தவறுமுன் வங்கிக்குச் சென்று நிலைமையைக் கூறுங்கள். தவறிய பின் சென்றால் குரல் வேறாக இருக்கும்.

நல்லது. சட்டம் தருவது அவ்வளவே. சட்டம் தரமுடியாத ஒன்றை வீடுதான் தரவேண்டும். அந்த இளைஞரிடம் மீண்டும் வருகிறோம்.

ஒரு மாதம் கழித்து, ஓய்வுபெற்ற கார்டாகிய அவருடைய தந்தையார் எம் ஜன்னலுக்கு வந்தார். "பையன் முகம் சரியில்லை. நீங்க தினம் பார்க்கிறவராச்சே, ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். எமக்குத் தொண்டை அடைத்தது. அன்று மாலை பணி முடிந்ததும் நிலையத்தில் தேடினோம். கடைசி நடைமேடையின் கோடியில், வெயில் விழாத பெஞ்சில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் கழுவிய சாப்பாட்டு டப்பா. பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரமே செல்லும். நாள் முழுதும் நிலையத்தில் இருக்க எத்தனை டிக்கெட் வாங்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். அத்தனையையும் அவர் வேறு ஜன்னலில் வாங்கி வைத்திருந்தார். வேலை போனபின்னும் டிக்கெட் இல்லாமல் அமர அவர் மனம் ஒப்பவில்லை.

பக்கத்தில் அமர்ந்து, "அன்றைக்கு நாங்க சிரிச்சது தப்பு, தம்பி" என்றோம். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க, மாமா. அண்ணன் எங்கே வேலைன்னு கேட்பாங்கல்ல? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்" என்றார்.

அப்படிக் கேட்பவர்கள் யார், அன்பர்களே? நாம்தாம். கோயிலில், திருமண மண்டபத்தில், இச்சங்கத்து நாற்காலிகளில் அமர்ந்து, "எந்தக் கம்பெனி? என்ன சம்பளம்?" என்று கேட்பவர்கள் நாமே. வேலையை எடுத்தது ஒரு நிறுவனம். அப்பிள்ளையை நடைமேடைக்கு அனுப்பியது நம் நாக்கு. எமது நாக்கு அங்கேயும் அவரை இருக்கவிடவில்லை.

அன்றிரவே தந்தையாரிடம் கூறினார். வீடு இடிந்துவிடவில்லை. தாயார் சிறிது அழுதார். பிறகு, "நாளைக்கு டப்பா வேண்டாம், வீட்டிலேயே சுடச்சுடச் சாப்பிடு" என்றார். மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொன்னார்கள்; அவர்கள் பின்வாங்கினர். அதனையும் மறைக்கமாட்டோம். ஆறு மாதத்துக்குப் பின் வேறு நல்ல இடம் அமைந்தது. அவருக்கு ஐந்தாம் மாதம் ஓசூரில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னையதில் பாதிக்குச் சற்று மேல். இப்போது ஓசூருக்குச் சீசன் டிக்கெட் எம்மிடமே வாங்குகிறார். அவருடைய ஒப்புதல் பெற்றே இதனைக் கூறினோம். பெயர் வேண்டா, தேடவும் வேண்டா.

வள்ளுவப் பெருந்தகை, முயற்சியைக் கூறும் ஆள்வினையுடைமை அதிகாரத்துக்கு அடுத்தே இடுக்கணழியாமையை வைத்தார். முயன்றவனுக்கும் இடுக்கண் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். இடுக்கண் வந்ததனாலேயே அவன் முயலவில்லை என்று நாம் முடிவுகட்டலாமா?

சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்களை வைக்கிறோம். முதலாவது, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் நம் நூலக அறையை வேலை தேடுவோருக்கென ஒதுக்குங்கள். வேலையில் இருப்போர் வந்து, காலியிடங்களைச் சொல்லட்டும், விண்ணப்பங்களைத் திருத்தித் தரட்டும். தங்கவயல் வண்டி செய்வதை நம் அறையும் செய்யட்டும். கன்னட நண்பர்களுக்கும் அக்கதவு திறந்திருக்கட்டும். இந்த இடர் மொழி பார்த்து வருவதில்லை. இரண்டாவது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடனாக ஒரு சிறு நிதி. பெயர் வெளியே தெரியலாகாது. மூன்றாவதற்குப் பணம் தேவையில்லை. "எங்கே வேலை?" என்ற கேள்வியை ஓராண்டுக்கு மட்டும் நிறுத்திப் பார்ப்போம். "நலமா? சாப்பிட்டாயா?" என்று கேட்போம். சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள்.

எம் ஜன்னலுக்கு வருவோரும் நாளுக்கு நாள் குறைகின்றனர். கைபேசி எம் வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது. நாளை யாமும் ஒரு பெஞ்சில் அமர நேரலாம். அந்நாளில் பக்கத்தில் வந்து அமர ஒருவர் இருந்தால் அதுவே போதும்.